இடப்பக்கத்துக் கம்பி

ஜாலான் புசார்,
12.6.1967

அன்புள்ள அத்தானுக்கு,

நேரில் பேசினால் கத்துவீர்கள். அதனால் இதைச் சாப்பாட்டுக் கேரியரில் வைக்கிறேன்.

கோலாலம்பூரில் பழைய மோட்டார் சைக்கிள் பந்தயம் பிரமாதமாமே. "திரும்பும்போது காசிநாதன் வண்டி வழியில மூவார் டவுன்ல நின்னுபோச்சு. என் பின்னாலதான் உட்கார்ந்து வந்தான்" என்றீர்கள்.

காலையில் உங்கள் வண்டியைத் துடைத்தேன். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இரண்டு கம்பிகளையும் நீங்கள் புறப்பட்ட அன்று நான்தான் மடக்கிவிட்டேன். இப்போது இடப்பக்கம் மட்டும் விரிந்திருக்கிறது. வலப்பக்கம் தூசியோடு மடங்கியபடியே இருக்கிறது. காசிநாதன் அண்ணன் என்ன, சேலை கட்டியவள் மாதிரி ஒருபக்கமாகவா உட்கார்ந்து வந்தார்?

பதில் வேண்டாம். கம்பியை அப்படியே விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருந்தவள்