அந்தமானில் ஒரு பிடி மணல்

இன்று கடைக்குப் புது ரப்பர் மாஸ்க் வந்தது, ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறவர்கள் முகத்தில் மாட்டுவது. பெட்டியைப் பிரித்ததும் ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. எதிரே ஒருவர் டிஸ்டெம்பர் கேட்டு நிற்கிறார், நானோ உன்னோடு அந்தமான் கடலில் நிற்கிறேன். நீ போன பிறகு இதையெல்லாம் யாரிடம் சொல்ல? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நிறைய சரக்கு எடுத்த கடைக்காரர்களைப் பெயிண்ட் கம்பெனி ஜோடியாகக் கூட்டிப்போன சுற்றுலா அது. பவளப்பாறை பார்க்கக் கடலில் இறக்குகிறார்கள் என்றதும் நம் ஆட்களில் பாதிப் பேர் படகை விட்டு எழுந்திருக்கவேயில்லை. சேலை தவிர வேறெதுவும் உடுத்தாத நீ, அதற்கென்றே ஒரு சுடிதார் வாங்கிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாய். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி முதல் ஆளாக நின்றாய்.

கணவன் மனைவிக்குப் பிடித்து மிதக்க ஒரே ரப்பர் வளையம், ஒருவர் படகேறினால் மற்றவரும் ஏறிவிட வேண்டும் என்றார் வழிகாட்டி. சிக்கல் அங்கேதான். எப்போதோ குழாயில் வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்தே வளர்ந்தவன் நான். மூக்கை மூடும் ரப்பர் மாஸ்க்கை மாட்டி, மூச்சு விடும் குழாயை வாயில் கவ்வி, முகத்தைக் கடலில் வைத்ததும் மூச்சு முட்டியது. "ஏறிருவோம்" என்றேன். மறுபடி வைத்தேன், அதே கதைதான். வழிகாட்டி படகைக் கைகாட்டி அழைத்துவிட்டார். உன் முகம் சுண்டிப்போனது.

"ஏங்க, மூக்குன்னு ஒண்ணு இருக்குறதையே மறந்துருங்க. வாயால மெதுவா இழுங்க. நான் பக்கத்துலதான கெடக்கேன்" என்று என் பிடரியில் கை வைத்து அழுத்தினாய். வேறு யாராவது அழுத்தியிருந்தால் கடித்திருப்பேன்.

மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தால், நம் கடை நிற அட்டையில் இல்லாத நிறங்களில் மீன்கள். கிளிமூக்கு மாதிரி வாய் வைத்த ஒன்று பாறையைக் கொறித்த சத்தம்கூடக் கேட்டது. படகு வேண்டாம் என்று நானே கையசைத்தேன்.

பக்கத்தில் பார்த்தால் உன்னைக் காணோம். பாறைகளுக்கு நடுவே மணல் திட்டை நோக்கித் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தாய். ஒரு பிடி அள்ளி மேலே வந்து, வாய்க்குழாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டுக் கையை உயர்த்திக் காட்டினாய்.

"அம்மா, இங்கேருந்து எதையும் எடுக்கக் கூடாது!" என்று வழிகாட்டி கத்தினார்.

மணலை உடனே விட்டாய். "பழக்கதோசம் தம்பி. எங்கூருக் கெணத்துல மண்ணு எடுத்துட்டு வந்து காட்டலேன்னா அடிவரைக்கும் போனதாவே ஒத்துக்க மாட்டாக."

திருச்சுழிப் பக்கத்துக் கிணற்றில் முங்கி வளர்ந்தவள் நீ என்று, பிள்ளைகள் எல்லாம் ஆளான பிறகு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "இத்தன வருசமா ஏன் சொல்லல?" என்று படகில் கேட்டேன்.

"சொல்லி? நம்ம கடையில பெயிண்ட் டப்பாக்குள்ளயா நீந்த?"

படகே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளுக்குள் என்னவோ போலிருந்தது.

ஊர் திரும்பியதும் உன் கிணற்றுக்குப் போகலாம் என்று பேசிவைத்தோம். அதற்குள் சர்க்கரை உன் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. உன்னைப் பற்றி இன்னும் எதெல்லாம் தெரியாமலே போயிற்றோ, அது மட்டும் எனக்கு ஆறவேயில்லை.

போன மாதம் நம் மருமகளிடம், "ஒனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"சமையலா மாமா?"

"அதில்ல. இந்த வீட்டுல யாரும் கேக்காதது."

கொஞ்சம் யோசித்தாள். "லோடு ஆட்டோ ஓட்டுவேன் மாமா. எங்கப்பா வண்டியில பழகுனது."

பாலவனத்தத்துக்கு இன்று மதியம் போன பெயிண்ட் லோடை அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஊர் எல்லை தாண்டும்வரை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிறகு விட்டுவிட்டு, அவள் வேறு என்னென்ன ஓட்டுவாள் என்று கேட்க ஆரம்பித்தேன்.