மூன்று சிலிண்டரா, நாலா

செவ்வாய், புரட்டாசி 15

இன்று முழுக்க என் மேலேயே எரிச்சல்.

நேற்று எங்கள் பழைய மாஸி முப்பத்தைந்து டிராக்டரில், இஞ்சின் மூடிக்கு அடியில் வரும் ஹெட் கேஸ்கெட் தகடு போய்விட்டது. கால்வாயில் வெள்ளிக்கிழமை வரைதான் தண்ணீர். அதற்குள் சேற்றுழவு முடிய வேண்டும். காலையிலேயே பொள்ளாச்சிக்குப் புறப்பட்டேன்.

"ஏனுங்க, இஞ்சினை ஒரு போட்டோ புடிச்சுட்டுப் போங்க," என்றாள் என் மனைவி சுமதி.

"எனக்குத் தெரியாத வண்டியா?" என்றேன். இதைப் பழையதாக வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஆனால் அப்பா வைத்திருந்ததும் முப்பத்தைந்துதான்; அது நாலு சிலிண்டர். பானெட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

கடைக்காரர் கேட்டார், "மூணு சிலிண்டருங்களா, நாலுங்களா?"

"முப்பத்தஞ்சுன்னா நாலுதானுங்க."

பக்கத்தில் மீனாட்சிபுரத்துக்காரர் ஒருவர் அதே வண்டிக்கு மூன்று சிலிண்டர் கேஸ்கெட் வாங்கிக் கையில் வைத்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மூணெல்லாம் அந்த வண்டியில வராதுங்க," என்று அடித்துச் சொன்னேன். தயங்கினார். பிறகு மாற்றி வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மெக்கானிக் கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தார். எங்கள் இஞ்சின் மூன்று சிலிண்டர். "சிலிண்டருக்கு ஒண்ணுன்னு போற நாசில் பைப்பை எண்ணியிருந்தாலே தெரிஞ்சிருக்குமுங்க," என்றார். சுமதி அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

நாளை கடை திறக்கும்போதே போய் மூன்று சிலிண்டர் கேஸ்கெட் இரண்டு வாங்க வேண்டும். திரும்பும் வழியில் மீனாட்சிபுரத்தில் இறங்கி, பழைய மாஸி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அவ்வளவு பேசினேன், அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை. அவர் வாசலில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.