குமிழ் திருகிய விரல்கள்

ஓக் ரிட்ஜ், அமெரிக்கா, ஆகஸ்ட் 1945

அன்பே,

ஜெயித்துவிட்டோம்! இனி நீ துப்பாக்கியோடு ஜப்பான் கரையில் இறங்க வேண்டாம். நேரே வீட்டுக்கு வா.

கொண்டை ஊசியைக்கூடப் பிடுங்கிக்கொள்ளும் காந்தங்கள் உள்ள அந்த ஆலையில், எதற்கென்றே தெரியாமல் குமிழ் திருகிக்கொண்டிருந்தேனே, அது ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்காம்! இப்போதுதான் சொன்னார்கள். உன்னைக் காப்பாற்றியவை என் விரல்கள்! தெருவெல்லாம் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு ஆடினோம்.

என்னோடு வேலை பார்க்கும் வெர்னா மட்டும் ஆடவில்லை. "அங்க பள்ளிக்கூடமெல்லாம் இருந்திருக்குமேடி. தெரிஞ்சிருந்தா திருகியிருப்பியா?" என்றாள்.

"எம் புருஷன் முழுசாத் திரும்பி வர்றான்டி! போய் ஆடு, போ!" என்று தள்ளிவிட்டேன்.

சேர்த்துவைத்த சர்க்கரையெல்லாம் போட்டு உனக்குப் பீச் கேக் செய்யப்போகிறேன். வந்ததும் என்ன வேண்டுமானாலும் கேள். வெர்னா கேட்டதை மட்டும் கேட்காதே. நீ கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

உன்னை மீட்டுக்கொண்டவள்