அக்கா நின்ற இடம்

பிப்ரவரி 9

போன செப்டம்பரில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை இன்றுதான் திறந்தேன். பனியாறு பின்வாங்கிப்போன தரையில் ஒரு சிவப்புத் திட்டு. இலைகள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்றை வாரித் திருப்பி அனுப்பும். படத்தில் அதைச் சிவப்பாகக் காட்டுவது எங்கள் வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டுப் படத்திலேயே அங்கே செடியோ என்று லேசாகச் சந்தேகம் இருந்தது. இப்போது அடித்துச் சொல்லலாம். பனி போய்ப் பத்து வருடம்கூட ஆகாத தரையில் செடி! தலைகால் புரியவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், குளிர் அடித்ததும் மூடிவிட்டு வந்தேன்.

சந்தோஷம் மதியம் வரைக்கும்தான். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் போன ஆகஸ்டில் அக்கா மலை ஏறினாள். எங்கள் குழுவின் தாவரவியலாளர் அவள். நான் படம் பார்ப்பவள், அவள் நேரில் போய்ப் பார்ப்பவள். அவளுடைய குறிப்பைத் தேடி எடுத்தேன். 'வெறும் கல். ஒரு செடியும் இல்லை.'

செப்டம்பரில் இத்தனை செடி என்றால் ஆகஸ்டில் எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்?

பிப்ரவரி 10

குழுத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்க அக்காவுக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டேன். நெஜமாவே மேல வரைக்கும் போனாங்களா?"

"போயிருப்பா சார்" என்றேன்.

போனாள் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த ஆகஸ்டில் வேறு ஆளை அனுப்பலாமா என்று யோசிக்கிறாராம். இருபது வருடமாக மலையேறும் ஒருத்தியைப் பற்றி, அவள் தங்கையிடமே! அதற்குக் கோபம்கூடப் படாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவர் கேட்டது எனக்குள்ளும் இருந்த கேள்வி, அதுதான்.

பிப்ரவரி 12

அக்கா வீட்டுக்குப் போனேன். சோபாவில் காலை நீட்டி, முட்டியில் வெந்நீர்ப் பை வைத்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் டீ போடப் போன நேரம் பார்த்து, சுற்றி வளைத்துக் கேட்டேன். போன வருஷம் வலி ரொம்ப அதிகமோ, பாதியிலேயே திரும்ப வேண்டியதாகிவிட்டதோ என்று. அவளிடம் சுற்றி வளைத்தால் நடக்குமா?

"ஆபீஸ்ல கேக்கச் சொன்னாங்களா, நீயா கேக்குறியா?"

நழுவிய வெந்நீர்ப் பையைச் சரிசெய்தேன். அதுவே பதிலாகிவிட்டது. டீ வந்தது. அத்தான் மட்டும் பேசிக்கொண்டிருந்தார், பாவம்.

பிப்ரவரி 13

அக்கா போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 19

பாறை நடக்குமா?

அந்தத் தரையில் லாரி அளவுக்கு ஒரு பாறை கிடக்கிறது. எதற்கும் பார்ப்போமே என்று, செயற்கைக்கோள் மறுபக்கத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்றைச் செப்டம்பர் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பாறை இடம் மாறி நிற்கிறது. பனி மூடாத ஓரத்துச் சரிவில் இருக்கும் பாறைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தரையில் கிடப்பவை மட்டும் நகர்ந்திருக்கின்றன.

ஐயோ, உயரம்!

செயற்கைக்கோள் தலைக்கு நேர் மேலிருந்து எடுப்பதில்லை, சாய்வாகத்தான் பார்க்கிறது. அந்தப் படத்தை வரைபடத்தில் சரியாகப் பொருத்த, தரை எவ்வளவு உயரம் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் கொடுத்து வந்தது பனி இருந்த காலத்து அளவு. பனி உருகி, பெரிய அடுக்குமாடிக் கட்டடம் அளவுக்குத் தரை கீழே போய்விட்டது. கணினிக்கு அது தெரியாது. இல்லாத பனியின் மேல் படத்தை விரித்துக்கொண்டிருந்தது. தரையில் உள்ளதெல்லாம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கமாகச் சறுக்கிவிட்டது.

புதிய உயரத்தைக் கொடுத்ததும் சிவப்புத் திட்டு நகர்ந்து ஒரு கல்மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. செடியும் உண்மை, அக்கா எழுதியதும் உண்மை. முந்தைய ஆண்டுப் படத்தை வைத்து நான் குறித்துக் கொடுத்த இடத்தை நம்பி அவள் அங்கே போய் நின்றிருக்கிறாள். அங்கே கல்தான் இருந்திருக்கும்.

அவள் போயிருக்கிறாள். முட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். மேசையிலேயே அழுதேன்.

பிப்ரவரி 20

தலைவரிடம் காட்டினேன். "அப்ப அவங்க போயிருக்காங்க" என்றார், சான்றிதழ் கொடுப்பவர் போல. இந்த ஆகஸ்டிலும் அவளே போகலாம் என்றார். கையோடு ஒரு புது விதியும் போட்டார். இனி ஒவ்வோர் இடத்திலும் போனவர் நிற்கும் படம் வேண்டுமாம்.

பிப்ரவரி 21

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாறை நடந்த கதைக்குச் சிரித்தாள். பிறகு கேட்டாள், "நீ நம்பலதானே?"

"நம்பலக்கா."

"முடியலைன்னா முடியலைன்னு எழுதுவேன்டி. போகாம போனேன்னு எழுதுவேனா? அவருக்குத் தெரியாது, சரி. உனக்குமா?"

எழுந்து கிளம்பினேன். வழக்கமாக வாசல்வரை வந்து வழியனுப்புவாள். இன்று வரவில்லை.

ஜூன் 3

அக்காவிடமிருந்து செய்தி: 'ஆகஸ்ட்ல ஏறணும். முட்டிக்குப் பட்டை வாங்கிட்டேன். நீயும் வர்ற.'

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள் நான். உடனே சரி என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 17

கூடாரத்தில் எழுதுகிறேன். உடம்பில் வலிக்காத இடம் இல்லை.

அவள் போன முறை நின்ற இடத்துக்கு முதலில் போனோம். கல்தான். "மேட்டைத் தாண்டியிருந்தா பாத்திருப்பேன். முட்டி விடல. நீ குடுத்த இடம் இதுதானேன்னு திரும்பிட்டேன்" என்றாள். இந்த முறை என் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். இறங்கும்போது இரண்டு பேருமே உட்கார்ந்து சறுக்கினோம். சின்ன வயதில்கூட நாங்கள் இப்படி விளையாடியதில்லை.

ஓர் அறை அகலத்துக்குப் பாசி, நடுவே கணுக்கால் உயரத்தில் வில்லோ என்னும் குளிர்ப்பிரதேசப் புதரின் கன்றுகள். அக்கா குப்புறப் படுத்து ஒவ்வொரு கன்றாகப் பார்த்தாள். "மிதிச்சே, கொன்னுடுவேன்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். ஆறு மாதம் கழித்து என்னைத் திட்டுகிறாள். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வேலை முடிந்ததும் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, செடிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முகம் இறுகிவிட்டது. "ம், எடு. போனேன்னு காட்டணும்ல."

"நீ உக்காருக்கா" என்றேன்.

செடிகளை மட்டும் படம் எடுத்தேன். எழுந்து நின்று, குனிந்து, பக்கவாட்டில் என்று நிறைய எடுத்தேன். ஒன்றிலும் அவள் இல்லை.

"அவர் கேட்டா?"

"கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

திரும்பும்போது அக்கா மேட்டருகே நின்று, என் தோளுக்காகக் கையை நீட்டினாள்.