பக்கம் 214-ல் உள்ள ஆயில்

மார்ச் 8, ஞாயிறு. காலை 7.10.

ஓடோமீட்டர்: 1,87,412 கி.மீ. அப்பா வீட்டை விட்டுப் போய் 331 நாள். இந்த 331 நாளில் வண்டி ஓடிய தூரம் பூஜ்யம். நான் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன்.

நேற்று அக்கா போன் பண்ணினாள். அத்தானுக்கு வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டதாம்.

"அப்பாவும் எங்ககூட வர்றார். இருபத்தொண்ணாம் தேதி ஃப்ளைட். வழியனுப்பவாவது வந்து சேரு, இன்ஜினியரே."

"அப்பா என்ன சொன்னார்?"

"உன்னைப் பத்தியா? ஒண்ணும் சொல்லலை."

எத்தனை வருஷம் என்று கேட்டேன். "விசா அஞ்சு வருஷத்துக்கு" என்றாள்.

பஸ்ஸில் போகலாம். மாட்டேன். அவருடைய செடானை ஓட்டிக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் நிறுத்துவேன். 340 கி.மீ. வண்டியைப் பார்த்தால் மனசு மாறி என்னோடு திரும்பி வருவார். வருவாரா? வரணும். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 9

பேட்டரி செத்திருந்தது. புதுசு போட்டேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "அப்பா வந்துட்டாரா?"

"இல்லை. நான்தான்."

"ஓ" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மார்ச் 11

மேனுவலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிரேக் ஆயில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. ஈரம் இழுத்திருக்கும், மாற்ற வேண்டும். டாட் 3 என்று போட்டிருக்கிறது. டாட் 4 அதோடு ஒத்துப்போகும், கொதிநிலையும் அதிகம், அதையே வாங்குவேன். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் பச்சை. நிறத்தை வைத்து முடிவு பண்ணுகிறவன் முட்டாள், நிறம் வெறும் சாயம். முழுக்க வடித்துக் கழுவிவிட்டுப் புதுசு. ஸ்டியரிங் ஆயில் பரவாயில்லை.

இன்ஜின் ஆயில்தான் பிரச்சினை. பக்கம் 214: 5W-30, மெல்லிய ஆயில், ஃபில்டரோடு சேர்த்து 3.2 லிட்டர். அப்பா எப்போதும் ஊற்றுவது 20W-50. பசை மாதிரி இருக்கும். போன ஏப்ரலில் மாற்றியதும் அதுதான். தேன் நிறத்தில் இன்னும் சுத்தமாக இருக்கிறது. கெட்டுப்போகவில்லை. தப்பான ஆயில், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன், எழுதாததால் ஒன்றும் மறந்துவிடவில்லை. அவர் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். நான் மேனுவலைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பக்கம் 214. படிங்க. படிக்கத் தெரியும்ல?" அத்தான் சிரித்துவிட்டார். அப்பா கையைத் துணியில் துடைத்தார், விரல் விரலாக. உள்ளே போய்விட்டார். மறுநாள் அவர்களோடு ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரெண்டு நாள்ல வந்துடுறேன் என்றார்.

தொனி தப்பு. விஷயம் சரி. இதைத்தான் 334 நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 12

இன்று வேலை நேரத்துக்கு வெளியே நான் பேசிய மொத்த வார்த்தை: "கொஞ்சம் தள்ளி உட்காருங்க." பஸ்ஸில்.

மார்ச் 14, சனி

காலையில் ஆயிலை வடித்தேன். அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தால் நாலு லிட்டர்! மேனுவலில் 3.2. அளவு தெரியாமல் ஊற்றியிருக்கிறார் என்று திட்டினேன். ஆனால் வடிப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குச் சரியாக நின்றதே. முக்கால் லிட்டருக்கு மேல் அதிகம் என்றால் கோட்டைத் தாண்டியல்லவா இருக்க வேண்டும்? அங்கேயே நின்று யோசித்திருக்கணும். யோசிக்கவில்லை. அவசரம்.

புது ஃபில்டர் மாட்டப் போனேன். மரையே ஏறவில்லை. மூன்று தடவை முயன்றேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு, புதுசை வாங்கிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பழையதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க வண்டி ஃபில்டரே இல்லையே தம்பி. பழைய டாக்ஸி மாடலுக்கு வர்றது."

"மேனுவல்ல நீங்க குடுத்த நம்பர்தான் போட்டிருக்கு."

"அப்ப மேனுவலையே மாட்டிக்கங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "கோவப்படாதீங்க. இன்ஜின் மாத்தியிருக்காங்க. ரெண்டும் ஒரே கம்பெனி, அப்படியே உக்காந்துக்கும். அந்த இன்ஜினுக்குத் தடி ஆயில்தான். மெல்லிசா ஊத்துனா சூடானதும் பிரஷர் நிக்காது, ஆயில் லைட் மினுக்கும். யாரோ விவரமா பாத்துக்கிட்டிருந்திருக்காங்க."

"யாரும் மாத்தலை" என்றேன். "எங்க வீட்டு வண்டி. எனக்குத் தெரியாதா?"

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

ஆர்.சி. புத்தகத்தின் கடைசிப் பக்கம். ஒரு முத்திரை. இன்ஜின் மாற்றம் பதிவு செய்யப்பட்டது. புது எண். போனட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அதே எண்.

தேதி: ஒன்பது வருஷத்துக்கு முன், மே 30.

என் நுழைவுத் தேர்வு மே 12.

காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். பாதி வழியில் அப்பா ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். மே மாதம். ஜன்னல் வழியாக வரும் காற்றே நெருப்பு மாதிரி இருந்தது. "பைத்தியமாப்பா? ஹீட்டர் எதுக்கு?" என்று கத்தினேன். "கொஞ்சம் நிறுத்திட்டுப் போலாமாடா?" என்றார். "நின்னா எக்ஸாம் போச்சு. நிக்காதீங்க, ஓட்டுங்க!" ஹால் டிக்கெட்டில் வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் ஓட்டினார். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இறக்கிவிட்டார்.

இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரைப் போட்டால் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. சூடு காட்டும் முள் சிவப்பில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறார்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக பஸ்ஸில் வந்தார். வண்டி எங்கே என்றேன். கிளட்ச் வேலை, ஒர்க்‌ஷாப்ல விட்டிருக்கேன் என்றார். நான் கேள்வித்தாளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன ஏப்ரலில், அத்தான் முன்னால், பக்கம் 214-ஐ நான் நீட்டியபோதுகூட. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! ஏன் சொல்லலை? சொன்னால் அந்த இன்ஜின் எப்படிப் போச்சு என்பதையும் சொல்ல வேண்டி வரும்.

மார்ச் 16

போனை எடுத்தேன். வைத்தேன். நாலு தடவை.

மார்ச் 17, செவ்வாய்

எல்லா விடையும் கையில் இருக்கிறது. கிரேடு 20W-50, அளவு நாலு லிட்டர், ஃபில்டர் எண் பழையதிலேயே இருக்கிறது. அப்பாவிடம் கேட்க ஒன்றுமே இல்லை. இருந்தாலும் கூப்பிட்டேன்.

"சொல்லு" என்றார்.

"வண்டிக்கு என்ன ஆயில் ஊத்தணும்?"

"ஏன், புத்தகத்துல இல்லையா?"

"புத்தகம் வேற இன்ஜினுக்குப்பா."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ அணைத்தார்கள். அவர்தான் அணைத்திருப்பார்.

"இருவது அம்பது. நாலு லிட்டர்" என்றார். "ஃபில்டர் ரப்பர்ல விரலால ஆயில் தடவிட்டு மாட்டு. கையாலதான் முறுக்கணும், ஸ்பேனர் போட்டுறாதே. கூலன்ட்ல குழாய்த் தண்ணி கலக்காதே." இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். எனக்கு எல்லாமே தெரிந்த விஷயம். ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நடுவில் சொன்னேன். "வீட்டுல இடம் இருக்குப்பா." எனக்கு வந்த வார்த்தை அவ்வளவுதான்.

"தெரியும்டா. நான் கட்டின வீடு."

பிறகு மெதுவாக, "டிக்கெட் போட்டாச்சு. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போயிட்டா குழந்தையை யார் பாக்கறது? அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

"அப்பா, அந்த எக்ஸாம் அன்னிக்கு..."

"மாத்திரை போடணும், வைக்கிறேன்." வைக்கவில்லை. "வண்டியிலயா வர்றே?"

"ஆமா."

"அப்ப உங்க அத்தான் வண்டி வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு நான் நம்ம வண்டியில வர்றேன்."

மார்ச் 18, புதன். மாலை 6.40.

ஆயில் ஊற்றியாயிற்று. நாலு லிட்டர், டிப்ஸ்டிக்கில் மேல் கோடு. ஓடவிட்டு அணைத்து மறுபடி பார்த்தேன். ஃபில்டரில் கசிவு இல்லை. அப்பா இந்த வீட்டுக்குத் திரும்பி வரப் போவதில்லை. அது முடிந்துபோன விஷயம். இனி செய்ய வேண்டியது:

1. நாளை பிரேக் ஆயில். காற்று போக நாலு சக்கரத்திலும் வடிக்க வேண்டும். பெடலை மிதிக்க இன்னொரு ஆள் தேவை; பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

2. கூலன்ட். காய்ச்சி வடித்த தண்ணீரால் இரண்டு தடவை கழுவிய பிறகு.

3. ஒரு லிட்டர் 20W-50 டிக்கியில்.

4. கடைக்காரம்மாவிடம், அவர் சொன்னது சரி என்று சொல்ல வேண்டும்.

5. வெள்ளி காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். நூறு கி.மீ.க்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும், அவசியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

6. சனிக்கிழமை அப்பா கேட்டால் சாவியை அவரிடமே கொடுக்க வேண்டும்.

7. நிக்காதீங்க என்று அன்றைக்குச் சொன்னது நான்தான். அதை ஏர்போர்ட் போகும்போதே சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் ஆள் இருக்காது.