பன்னிரண்டு நாள் முந்திப் பிடுங்கிய கடலை

தம்பி, இன்று காலை திருப்பரங்குன்றம் பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்ததும் ஈர மண்ணும் உப்பும் கலந்த அந்த ஆவி முகத்தில் அடித்தது. என் பல்லுக்கு ஆகாது என்று தெரிந்தும் ஒரு படி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொட்டாம்பட்டிப் பக்கம் நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளி அது. மேல்நிலை வகுப்பில் விவசாயத்தைத் தொழிற்பாடமாகக் கொண்டுவந்த புதிது. அதற்குப் பகுதிநேர ஆசிரியராக வந்தவர் நீங்கள். உங்கள் சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். பாவம், பசி போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், பிள்ளைகள் தப்பான முடிவை நோக்கிப் போகும்போதெல்லாம் உங்கள் கை பைக்குள் போனது. கேட்டதற்கு, "வாய் சும்மா இருந்தா விடையச் சொல்லிரும்மா. அதேன் அதுக்கு ஒரு வேலை குடுக்குறேன்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கார்த்திகை வரைக்கும்தான் நீடித்தது.

பள்ளிக்குப் பின்னாலிருந்த நிலத்தில் பிள்ளைகள் கடலை போட்டிருந்தார்கள். விதை வந்து சேரத் தாமதமானதால் ஊர்க்காரர்களைவிடப் பன்னிரண்டு நாள் பிந்தித்தான் விதைப்பு. கார்த்திகையில் ஊர் முழுக்கக் கடலை பிடுங்கி முடித்தார்கள். பிடுங்கிய காட்டில் ஆடுகளை அவிழ்த்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பிந்தினவன் பயிர் ஆட்டின் வாய்க்குத்தான் போகும். அந்தப் பயத்திலேயே வளர்ந்த பிள்ளைகள், வகுப்புத் தலைவி முத்துலட்சுமி சொன்னதும் ஒரே நாளில் எல்லாச் செடியையும் பிடுங்கிவிட்டார்கள். நம் நிலத்தைச் சுற்றி முள்வேலி இருந்தது ஒருவர் நினைவிலும் இல்லை. நீங்கள் வரப்பில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தீர்கள்.

மறுவாரம் பாடப் பிரிவைப் பார்வையிட அதிகாரி வர இருந்தார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் பிரிவை மூடிவிடுவார்கள், உங்கள் வேலையும் போய்விடும். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில், "தெரிஞ்சே பாத்துக்கிட்டு இருந்தீகளா? உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று வராந்தாவில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"பயிர் போனா அடுத்த பட்டத்துல வந்துரும்மா. இம்புட்டுத் தைரியமா ஒரு முடிவு எடுத்துருக்காக. நடுவுல போயி கையப் பிடிச்சா அடுத்தவாட்டி என் மூஞ்சியத்தேன் பாப்பாக" என்றீர்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அதிகாரி வந்தார். காயப்போட்டிருந்த கடலையில் ஒரு கை அள்ளி நசுக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் பருப்பு சுருங்கிக் கிடந்தது. "யார் பிடுங்கச் சொன்னது?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டார். உங்கள் கை பைக்குள் போனது.

"நாந்தேன் சார் சொன்னேன்" என்று முத்துலட்சுமி முன்னால் வந்தாள். "ஆடு வந்துரும்னு பயந்துட்டோம். வேலி இருக்குறத நெனைக்கல. வெதச்ச நாளையும் எண்ணிப் பாக்கல. நாலு செடியப் பிடுங்கி, ஓட்ட ஒடச்சு, உள்ளாற கறுத்து முத்திருக்கான்னு பாத்துருக்கணும். அடுத்து வார பிள்ளைகளுக்கு எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சுட்டோம் சார்."

அதிகாரி அவளைப் பாராட்டவெல்லாம் இல்லை. என் பக்கம் திரும்பி, "அது வரைக்கும் உங்க வாத்தியார் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார்?" என்றார்.

"பாடம் நடத்திக்கிட்டு இருந்தார் சார்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எனக்கே தெரியாது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் பேசியதிலேயே பெருமையான வாக்கியம் அதுதான். விளைச்சல் மோசம் என்றும், இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றும் எழுதிவிட்டுப் போனார். அடுத்த வருஷப் பிள்ளைகள் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை செடி பிடுங்கிப் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே ஆடுகள் கத்த, பொறுத்திருந்து எடுத்தார்கள். பிரிவு நிலைத்தது. உங்களைத் திட்டியதற்கு மட்டும் நான் மன்னிப்பே கேட்கவில்லை. கேட்கிறேன், தம்பி.

ஓய்வு பெறும்வரை என் மேஜை இழுப்பறையிலும் கடலை இருந்தது. தலைமையாசிரியை தீனிக்காரி என்று புது ஆசிரியைகள் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது.

இன்று மதியம் முத்துலட்சுமி போன் செய்தாள். அவள் மகன் நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கோழிப்பண்ணை வைக்கப்போகிறானாம். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், கேப்பான்" என்று அழாத குறை. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒரு கடலையை உரித்து வாயில் போட்டேன்.

"டீச்சர், லைன்ல இருக்கீகளா?" என்றாள். நான் மென்றுகொண்டிருந்தேன்.

"கடலையா டீச்சர்?"

"ம்."

"சரி டீச்சர். நான் அவன்கிட்டயே எல்லாக் கணக்கையும் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.