மின்தகடுகளும் ஆறு மாத மூப்பும்

பெங்களூரு,
2003 ஜூலை 12

அன்புள்ள தேவசகாயம் அண்ணா,

இன்று எனக்கு வயது அறுபத்தாறு ஆண்டு, ஆறு மாதம். நீங்கள் அறிந்த கணக்கோடு இது ஒத்துவராது. பொறுங்கள், முடிவில் சொல்கிறேன்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்கள் லிங்கராஜபுரம் வீட்டு நினைவு ஜெபத்தில் உங்களைச் சாந்தமே உருவானவர் என்றார்கள். அப்படியானால் ஆய்வகத்தில் இத்தனை காலம் என்னிடம் கத்தியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

சென்ற வாரம் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். ஆய்வு மாணவி ஒருத்தி, "கரண்ட் குடுத்தா கிறிஸ்டல் பெருசா வருது மேடம்" என்றாள். "கரண்ட் இல்லம்மா, மின்புலம்! கரண்ட் பாஞ்சா சொட்டு வெந்துபோயிடும்" என்று கத்த நீங்கள் இல்லை. நானே கத்தினேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முட்டை வெள்ளைக்கருவிலிருந்து பிரித்த புரதக் கரைசலில் ஒரு சொட்டை, கண்ணாடிச் சில்லின் அடியில் தொங்கவிடுவோம். நீர் மெல்லக் குறையக் குறையப் படிகங்கள் தோன்றும், ஆனால் பொடிப்பொடியாக. எக்ஸ் கதிரில் வைத்துப் புரதத்தின் வடிவத்தை அறிய, நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பெரியதாக. சொட்டைத் தொடாமல் இருபுறமும் தகடுகளை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் படிக விதைகள் குறையும் என்பது உங்கள் யோசனை. குறைந்தன. வளர்ந்தவை மட்டும் விரிசல் விட்டன.

விதை விழுந்ததும் மின்புலத்தை நிறுத்திவிடலாம் என்றேன். "சும்னிரம்மா! நிறுத்தினா பழையபடி பொடியாயிடும். உன்னைவிட ஆறு மாசம் பெரியவன் சொல்றேன், கேளு" என்றீர்கள். கன்னடத்தில் வாயை அடைத்து, தமிழில் வயதைக் காட்டுவீர்கள். ஆறு மாதத்தை இவ்வளவு தாராளமாகச் செலவழித்த வேறொருவரை நான் கண்டதில்லை. தகடுகள் உங்களுடையவை என்பதால் விட்டுக்கொடுத்தேன். மறுபடி விரிசல்தான்.

பிறகு உங்களுக்கு அறுபது நிறைந்து ஓய்வு பெற்றீர்கள். எனக்கு ஆறு மாதம் மிச்சமிருந்தது. நானும் போய்விட்டால் தகடுகள் பழைய இரும்புக்கடைக்கு என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நான் என் வழியில் செய்தேன். விதை கண்ணில் பட்டதும் நிறுத்தினேன். கடுகளவில் ஒற்றைப் படிகம் வளர்ந்தது, விரிசலின்றி.

சொல்லியனுப்பியதும் பஸ் ஏறி வந்து நுண்ணோக்கியில் பார்த்தீர்கள். "நீ சின்னவளாப் பொறந்தே தங்கச்சி, உனக்கு ஆறு மாசம் கிடைச்சுது. எனக்குக் கிடைச்சிருந்தா நானே வளர்த்திருப்பேன்" என்றீர்கள்.

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். கேள், தம்பி.

பெண்ணுக்கு வயது குறைந்திருந்தால் வரன் பார்க்க வசதி என்று, பள்ளியில் சேர்க்கும்போதே என் அப்பா ஒரு வருடத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டார். வரன் எதுவும் அமையவில்லை. வருடம் மட்டும் மிஞ்சியது. நியாயப்படி உனக்கு ஆறு மாதம் முன்பே நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். போயிருந்தால், அந்தப் படிகத்தை நாம் இருவருமே பார்த்திருக்க மாட்டோம்.

அந்தத் தகடுகளைப் பற்றி யார் கேட்டாலும் உன் பெயரைத்தான் முதலில் சொல்வேன். மின்புலத்தை நிறுத்தச் சொன்னது யார் என்பதை அடுத்ததாகச் சொல்வேன். இது மூத்தவள் வாக்கு.

உன் அக்கா,
கமலா